மிளகாய்ச் சாக்கும் சப்பாத்து நாடாவும்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. உன் அப்பா யார் என்பதும் எனக்குத் தெரியாது. எனக்கு இப்போது பதினெட்டு வயது. அந்த மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை, சந்தித்தாலும் முதல் கொஞ்சக் காலம் அவருடைய சப்பாத்தைப் பார்த்துத்தான் கதைப்பேன். ஆகவே இந்தக் கடிதம் உன் கைக்கு வர நாளாகும். நீ வளர்ந்து, மீசை வைத்து, ஒரு நாள் "அம்மா, நான் ஒரு பிள்ளையை விரும்பிறன்" என்று வந்து நிற்கும்போது இதைத் தருவதாக இருக்கிறேன். அந்த நேரத்தில் மற்ற அம்மாக்கள் மகனைப் பக்கத்தில் இருத்தி நீளமாகக் கதைப்பார்கள். எனக்கு அது வராது என்று இப்போதே தெரியும், அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன். நீ மகளாகப் பிறந்தாலும் பரவாயில்லை, மீசையை மட்டும் விட்டுவிட்டு வாசி.

இவ்வளவு அவசரமாக எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அண்ணாவின், அதாவது உன் மாமாவின், கலியாணம் போன சனிக்கிழமை நடந்தது. அதற்குள் பெரியவர்கள் கதையை மாற்றத் தொடங்கிவிட்டார்கள். அப்பா சொல்லும் கதையில் அவர் வாழ்க்கையில் ஒருநாளும் குனிந்ததே இல்லை. சம்பந்தி சொல்லும் கதையில் ஒரு கைப்பிடி மிளகாய் ஒரு மூடை ஆகிவிட்டது. நீ பிறப்பதற்குள் என்னவெல்லாம் ஆகுமோ தெரியாது. இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கட்டும். இதில் வருகிற எல்லோரிடமும் கேட்டுவிட்டேன். அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார், தன்னை உயரமான மனிதர் என்று எழுத வேண்டுமாம். உன் அம்மப்பா உயரமான மனிதர்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். இத்தாலியப் பள்ளிக்கூடங்களில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து போய் வகுப்புக்கு முன்னால் நின்று பாடத்தை வாயால் ஒப்புவிக்க வேண்டும். எனக்குப் பாடம் தெரியும், வாய்தான் திறக்காது. கடைசியாக ஒரு நாள் புவியியல் ஆசிரியை இரக்கப்பட்டு, சிசிலி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நான் சிசிலியில் நின்றுகொண்டே பதில் சொல்லவில்லை. இப்போது ஒரு வயதான சின்யோராவை, அதாவது இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்குக் காது கேட்காது. நாங்கள் இருவரும் மிகவும் ஒற்றுமை. தமிழை அம்மா சமையலறையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். அங்கே யாரும் எழுப்பி நிறுத்திக் கேட்கவில்லை, அதனால் அது நன்றாகவே வந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் மாதா கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போவார்கள். பூசையில் ஓரிடத்தில் சுவாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார். எல்லோரும் பக்கத்திலும் பின்னாலும் நிற்பவர்களைப் பார்த்துத் திரும்பிக் கைகூப்புவார்கள். அரை நிமிட வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த அரை நிமிடத்தில் அப்பாவின் சப்பாத்து நாடா அவிழ்ந்துவிடும். குனிந்து கட்டத் தொடங்குவார். கட்டி நிமிரும்போது சனம் முன்பக்கம் திரும்பியிருக்கும். கோடையில் செருப்புப் போட்டுக்கொண்டு வருவார், அப்போதும் குனிவார். சின்ன வயதில் நான் சமாதானம் என்றால் குனிவதுதான் என்று நினைத்து அவருக்குப் பக்கத்தில் நானும் குனிந்திருக்கிறேன். அப்பா நிமிராததற்குக் காரணம், எங்களுக்கு எதிர்ப்பக்க வாங்கு வரிசையில் நின்ற மரியதாஸ் என்பவர்.

மரியதாஸும் அப்பாவும் ஊரில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு வேலி. ஒன்றாகப் பந்தடித்து, ஒரே பெட்டைக்கு இருவரும் காதல் கடிதம் கொடுத்து, அவளுடைய தமையனிடம் இருவரும் அடி வாங்கியவர்கள். அவர்கள் இளந்தாரிகளாக இருந்தபோது ஒரு காலை ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டு வரிசையில் நடக்கவிட்டார்கள். வரிசைக்கு முன்னால் ஓர் ஆளைத் தலையிலிருந்து முழங்கால்வரை சாக்கால் மூடி, கண்ணுக்கு ஓட்டை வைத்து நிறுத்தியிருந்தார்கள். அப்படி நிற்பவரை எங்கள் சனம் தலையாட்டி என்று சொல்லும். சாக்கு ஆடினால் எதிரே நிற்பவர் லொறியில் ஏற வேண்டும். ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அப்பா எதிரே வந்தபோது சாக்கு ஆடியது. சும்மா இல்லை, இடுப்பிலிருந்து குலுங்கி ஆடியது. அப்பா குனிந்து பார்த்தார். சாக்குக்குக் கீழே இரண்டு செருப்பு, ஒன்றுக்கு நீல வார், மற்றதுக்குச் சிவப்பு வார். அப்படி ஒரு சோடி ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது.

அப்பா இரண்டு வருடம் முகாமில் இருந்தார். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு அவர் சொன்னதில்லை. இன்றுவரை அவருடைய சேட்டின் மேல் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவார், அவருடைய இடது கை அவ்வளவு தூரம் உயராது. அது எனக்குப் போதும், உனக்கும் போதும். ஆனால் திரும்பி வந்த பிறகு நடந்ததை அவர் சொல்லியிருக்கிறார். ஏன் பிடித்தார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லையாம். ஏன் விட்டார்கள் என்றுதான் கேட்டார்களாம். ஆரையோ காட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான் என்று கதை பரவியது. சொந்தத் தமையனே வீட்டுப் படலையைச் சாத்தினார். அப்பா வெளிநாட்டுக்கு வந்தார், அந்தக் கதையும் பின்னாலேயே வந்தது. பலேர்மோவில் நாலு தமிழர் நின்று கதைக்கும் இடத்துக்கு அப்பா போனால், கதை திடீரென்று காலநிலைக்கு மாறிவிடும்.

இன்னொன்று கேள். அப்பா ஊரைவிட்டு ஓடி, பல நாடு தாண்டி, இந்த நகரத்தில் வந்து இறங்கி, விசாவுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பி, "அண்ணை, பேனை இருக்கோ?" என்று கேட்டார். மரியதாஸ். அப்பா பேனையைக் கொடுத்தார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. நன்மை தின்மைக்குப் போவதில்லை, ஒருவர் வீட்டில் மற்றவர் ஒரு மிடறு தண்ணீரும் குடிப்பதில்லை. முகாமைப் பற்றி வாய் திறக்காத அப்பா, அந்தப் பேனை திரும்பி வரவில்லை என்பதைக் கிறிஸ்மஸ் தோறும் சொல்வார். மரியதாஸ் ஏன் தலையாட்டினார் என்று அம்மா கேட்டால், "அது எனக்குத் தெரியும்" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார்.

இப்படியிருக்க அண்ணாவுக்கு வந்த புத்தியைப் பார். அண்ணா துறைமுகத்தில் வேலை, நாப்போலி போகும் கப்பலுக்குள் லொறிகளைக் கைகாட்டி ஏற்றுவார். வீட்டிலும் எதையும் கைகாட்டித்தான் சொல்வார். அன்று சாப்பாட்டு மேசையில் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே ஒளித்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்பா, நான் நிர்மலாவைக் கட்டப்போறன்."

"எந்த நிர்மலா?"

"மரியதாசின்ரை நிர்மலா."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அது கூழாகும்வரை பிசைந்தார்.

"ஏன், பலேர்மோவிலை வேறை பெட்டையள் இல்லையோ?"

"இருக்கினம். அவை என்னை விரும்பேல்லை."

"ஒரு சிசிலிக்காரியைக் கூட்டிக்கொண்டு வாவன். நான் ஒண்டும் சொல்லன்."

"போன வருசம் கேட்க, சிசிலிக்காரி எண்டால் வீட்டுப் படி ஏறவிடன் எண்டு சொன்னனீங்கள்."

"அது போன வருசம்."

கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். கலியாணத்துக்கு வருவார், ஆனால் கோயிலுக்கு வெளியே நிற்பார். அண்ணா, அப்பா உள்ளே வராத கலியாணம் தனக்கு வேண்டாம் என்றார். நிர்மலா அதற்கு மேலே போய், மாமா உள்ளே வந்து தன் தகப்பனைப் பார்த்ததும் குனிவதென்றால் அந்தக் கலியாணம் தனக்கும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு பேரும் சொன்னால் சொன்னதுதான். ஆகவே மகனே, ஒரு கலியாணம் அப்பாவின் முதுகெலும்பை நம்பி நின்றது.

அம்மா கைத்தொலைபேசியில் வீடியோ பார்ப்பவர். எங்கோ ஒரு நாட்டில் அயலவரை அயலவர் வெட்டிக் கொன்ற ஒரு காலத்துக்குப் பிறகு, ஊர்ச்சனம் புல்லில் கூடியிருந்து, செய்தவர் எழுந்து சொல்ல, இழந்தவர் இருந்து கேட்டதை அதில் பார்த்திருக்கிறார்.

"ஒரு நாடே இருந்து கதைச்சிருக்கு. நாங்கள் ரெண்டு வீடு. எங்களுக்கு என்ன?" என்றார்.

"அங்கை நீதவான் ஒருத்தர் இருந்திருப்பார்," என்றார் அப்பா.

"இஞ்சை நான் இருக்கிறன்."

"அங்கை தண்டனை குடுத்திருப்பினம்."

"உங்களைச் சம்பந்தியா எடுக்கிறது தண்டனை இல்லையோ?"

இடம்தான் பிரச்சினையாக இருந்தது. ஒருவர் வீட்டுப் படி மற்றவர் ஏற மாட்டார். அம்மா நகரத்தின் ஓரத்தில் இருக்கும் சியாகுல்லியைத் தெரிவு செய்தார். அங்கே மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டங்களில்தான் அப்பாவுக்கு வேலை. அது பருவம் பிந்திய பழங்கள் பழுத்துத் தொங்கும் காலம், ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்தில் ஆள் இருக்காது. மரியதாஸும் வந்தார். பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். நீதவான் என்பதால் அம்மாவுக்கு இரண்டு பெட்டி. ஒரு சாட்சியும் வேண்டும் என்று என்னைக் கூட்டிப் போயிருந்தார். "இவள்தான் சரி. வெட்டினாலும் வாய் திறக்கமாட்டாள்" என்றார். சாட்சி எதற்கு என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. அம்மாவின் சட்டம் இதுதான்: ஒருவர் கதைக்கும்போது மற்றவர் மந்தரீன் உரித்துச் சாப்பிட வேண்டும். வாய் நிறைய இருந்தால் குறுக்கே கதைக்க வராது. பழம் மரத்தினுடையது, அதனால் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைத்ததாகவும் ஆகாது.

முதலில் அப்பா கதைத்தார். சாக்கு, செருப்பு, லொறி, முகாமை விட்டுவிட்டு ஊர் கேட்ட கேள்வி, தமையன் சாத்திய படலை, கடைசியில் பேனை. அவர் முடிக்கும்போது மரியதாசின் காலடியில் தோல் குவிந்திருந்தது. பிறகு அப்பா ஒரு பழத்தை எடுத்துக்கொண்டார், மரியதாஸ் தொடங்கினார். மெலிந்த, மெதுவாகக் கதைக்கிற மனிதர்.

"விடியவே என்னைப் பிடிச்சிட்டாங்கள். நல்லா அடிச்சவங்கள். பிறகு சாக்கைப் போட்டு, ஆக்களைக் காட்டு எண்டாங்கள். ஒருத்தரையும் காட்டிறேல்லை எண்டு கழுத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு நிண்டனான். பாதி ஊர் என்னைக் கடந்து போச்சுது. நான் அசையேல்லை. பிறகு நீ வந்தாய்." அவர் காலடியில் கிடந்த தோலை ஒரு பக்கம் ஒதுக்கினார். "அது செத்தல் மிளகாய்ச் சாக்கு. தும்மல் வந்திட்டுது."

அப்பாவின் வாய்க்குள் ஒரு சுளை இருந்தது. அவர் அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"சத்தம் கேட்டதெண்டு இவர் ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார் அம்மா.

"எனக்குத் தும்மினால் சத்தம் வராது. சின்னனிலை பீடத்திலை உதவி செய்யேக்கை அடக்கிப் பழகினது. சத்தம் போட்டால் சுவாமியார் காதைத் திருகுவார். தலைதான் ஆடும். உன்னை ஏத்தினதும், இல்லை இல்லை எண்டு தலையைப் பக்கவாட்டிலை ஆட்டினனான். அவங்கள் அதை அடுத்த ஆளுக்கு எண்டு நினைச்சு அவனை வீட்டை விட்டிட்டாங்கள்."

எனக்குச் சிரிப்பு வந்தது, மகனே. அந்த இடத்தில் சிரிப்பு வந்ததை நினைத்து உடனே பயமும் வந்தது. அப்பா சுளையைத் துப்பினார்.

"தும்மலோ? ரெண்டு வருசம் நான் கிடந்தது உன்ரை தும்மலுக்கோ? பொய் சொல்லாதை. வேலிக்காகத்தான் நீ ஆட்டினனி."

"என்ன வேலி?"

"தெரியாத மாதிரிக் கேளாதை. நான் வேலியைத் தள்ளிப் போட்டதுக்கு."

மரியதாஸ் பெட்டியிலிருந்து எழுந்தார்.

"நீ வேலியைத் தள்ளிப் போட்டனியோ?"

அம்மா தலையில் கையை வைத்தார்.

"எந்தப் பக்கம்?"

"கிணத்தடிப் பக்கம்," என்றார் அப்பா, குரல் இறங்கி.

"எவ்வளவு?"

"ஒரு முழம் இருக்கும்."

"அங்கையெல்லோ என்ரை கறுத்தக்கொழும்பான் மாமரம் நிண்டது. வேலி மரத்துக்குக் கிட்ட வருது எண்டு நான் கேட்க, மரம் வெயிலுக்கு உன்ரை பக்கம் சரியுது எண்டெல்லோ சொன்னனி. அடுத்த வருசமும் அதைத்தானே சொன்னனி."

"ரெண்டு காணியும் இப்ப ஆமி முகாமுக்குள்ளை," என்றார் அம்மா. "மாங்காயை ஆரோ தின்னுறாங்கள். இருங்கோ ரெண்டு பேரும்."

ஒருவரும் இருக்கவில்லை. ஒரு குற்றத்தை விசாரிக்கப் போன இடத்தில் இரண்டாவது குற்றம் வெளிவந்து, இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.

அப்பாவை நான் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். இத்தனை வருடமும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. நான் ஒரு முழம் எடுத்தேன், அவன் என் இரண்டு வருடத்தை எடுத்தான். அநியாயம்தான், ஆனால் அதில் ஒரு கணக்கு இருந்தது, கோபிக்க ஒரு முகம் இருந்தது. தும்மலில் ஒன்றும் இல்லை. தன் வாழ்க்கை அப்படி ஒன்றுமில்லாத காரணத்துக்காக உடைந்தது என்று கேட்பதைவிட, ஒரு துரோகியை வைத்திருப்பது அவருக்குச் சுகமாக இருந்தது. நீ யாரிடமாவது உண்மையைக் கேட்கப் போனால், அது நீ எதிர்பார்த்த அளவில் இல்லாமல் மிகவும் சின்னதாக வரலாம். அதற்கும் தயாராகப் போ.

"அவன் சொல்லுறது பொய்," என்றார் அப்பா. அடுத்த நாள், "உண்மை எண்டால் சனத்துக்கு முன்னாலை சொல்லட்டும். நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை எண்டும் சொல்லட்டும்," என்றார். அண்ணா அதை எடுத்துக்கொண்டு போய்ப் பதிலோடு வந்தார். "சொன்னால் என்ரை பிள்ளையைச் சாக்கின்ரை மோள் எண்டு சொல்லுவினம்" என்றாராம் மரியதாஸ். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. அதுதான் எனக்கு நித்திரையைக் கெடுத்தது. ஒருவர் பிழையாக இருந்தால் எவ்வளவு வசதி.

கலியாண நாள் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குச் சொல்லியாயிற்று, சாறி எடுத்தாயிற்று. நிர்மலா ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், ஒரு பெட்டியை நீட்டினாள்.

"மாமா, கலியாணத்துக்கு இதைப் போடுங்கோ."

புதுச் சப்பாத்து. நாடா இல்லாதது, காலை நுழைத்தால் போதும்.

"கடிக்கும் போலை கிடக்கு," என்றார் அப்பா.

"கடிச்சால் நிமிந்து நிண்டு தாங்குங்கோ மாமா," என்றாள் அவள். மகனே, நீ கூட்டிக்கொண்டு வருகிறவள் இப்படிப்பட்டவளாக இருந்தால் நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பகல், மண்டபத்தின் சமையலறையில் எங்கள் சனம் கூடியிருந்தது. இப்படியான நாளில் பகை உள்ளவர்களும் ஒரே கூரைக்குள் வரலாம், வேலை செய்யத்தானே வருகிறார்கள். ஒரு பக்கம் பெண்கள் வட்டமாக இருந்து வெங்காயம் உரித்தார்கள். மரியதாஸ் ஒரு மூலையில் உருளைக்கிழங்கு வெட்டினார். அப்பா எதிர்மூலையில் பெரிய தாச்சியோடு நின்றார். கலியாண இறைச்சிக்கறிக்குக் கடைத்தூள் போட விட மாட்டேன் என்று, மல்லியும் செத்தல் மிளகாயும் தானே வறுக்கத் தொடங்கியிருந்தார். மிளகாய் கறுக்கத் தொடங்க, புகை கிளம்பியது. எல்லோரும் இருமினார்கள். யாரோ யன்னலைத் திறந்தார்கள்.

அப்போது மரியதாஸ் தும்மினார். சத்தம் இல்லை. கழுத்து இறுகியது, கண்கள் மூடின, உடம்பு இடுப்பிலிருந்து குலுங்கித் தலை ஆடியது. இன்னொரு முறையும் ஆடியது.

அப்பா அகப்பையைப் பிடித்தபடி நின்றுவிட்டார். அவருடைய முகத்தை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பிறகு ஒரு பிடி மிளகாயை அள்ளித் தாச்சியில் போட்டுவிட்டு, வெங்காயக்காரரைத் தாண்டிப் போய், மரியதாசுக்கு நேர் எதிரே, வரிசையில் நிற்பவர்போல நின்றார்.

"இன்னொருக்காத் தும்மு," என்றார்.

"வரேக்கைதானே தும்மலாம்."

"பொறு. வரும்."

வந்தது. சமையலறையே இருமிக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஒரு சத்தமும் இல்லாமல் அப்பாவைப் பார்த்து ஆடினார். அப்பா போய் அடுப்பை நிறுத்தினார். அரிசி மூடையின் மேல் உட்கார்ந்தார்.

"இதுதான்," என்றார். "இதேதான் அண்டைக்கு ஆடினது."

"என்ன நடக்குது இஞ்சை?" என்று கேட்டார் வெங்காயம் உரித்த ஒரு மாமி.

மரியதாஸ் கத்தியைக் கீழே வைத்தார். கலியாண வீட்டுக்காரர், உதவிக்கு வந்தவர்கள், காலநிலையைப் பற்றிக் கதைக்கிறவர்கள், எல்லோரும் அங்கே இருந்தார்கள். அவர் எழுந்து நின்றார்.

"ஊரிலை இவரைக் காட்டிக் குடுத்த சாக்கு நான்தான். வேணுமெண்டு செய்யேல்லை, தும்மினனான். இவர் ஒண்டும் செய்யாதவர். ஒருத்தரையும் காட்டிக் குடுக்காதவர். இதை நான் எப்பவோ சொல்லியிருக்கவேணும்."

"இப்ப பிள்ளையின்ரை கலியாணத்துக்காகச் சொல்லுறியள் போலை," என்றது ஒரு குரல்.

"இல்லை. இதுக்கு முதலும் சொன்னவன்," என்றார் அப்பா. "சாட்சி இருக்கு." அவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புவியியல் வகுப்பு மாதிரியே இருந்தது, கத்தியும் வெங்காயமும்தான் கூடுதல். அப்பாவின் கை, அந்த உயராத கை, மடியில் கிடந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஓம். மந்தரீன் தோட்டத்திலை இதைத்தான் சொன்னவர். அப்பா நம்பேல்லை. நான் நம்பினனான்."

இவ்வளவுதான். ஆனால் வாயால், எல்லோருக்கும் முன்னால்.

அந்த நேரத்தில் அங்கே இருந்த எல்லோருடைய கண்ணிலும் தண்ணீர். யாருக்கு வெங்காயத்தால், யாருக்கு மிளகாயால், யாருக்கு வேறு காரணத்தால் என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. அது எல்லோருக்கும் வசதியாகவும் இருந்தது. அந்த மாமிதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலில் கதைத்தார். "இவ்வளவு காலம் எங்கடை வாய் சும்மா இருந்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு, அப்பாவைப் பார்த்து, "தம்பி, மிளகாய் கருகிப் போச்சு, திரும்ப வறுக்கவேணும்," என்றார். எழுந்து போய்த் தாச்சியைக் கழுவினார். அப்பாவுக்கு ஊர் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். சாக்கின் மகள் என்று நிர்மலாவை இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. இனிச் சொன்னால் அவள் பதில் சொல்லிக்கொள்வாள், எனக்குக் கவலை இல்லை.

அடுத்த நாள் கோயில். அம்மா அப்பாவின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டார். அப்பா நாடா இல்லாத சப்பாத்தோடு, காலை நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். அண்ணாவும் நிர்மலாவும் முன்னால், நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் மறுபக்கம். சுவாமியார் சமாதானம் சொல்லச் சொன்னார். அண்ணாவின் தோள் விறைத்தது. திரும்பிப் பார்க்கப் பயந்து நின்றார். அப்பா குனியவில்லை. ஒரு பெருமூச்சு விட்டு, நல்ல உயரமாக, எதிர்ப்பக்கம் திரும்பி, கை உயரும் அளவுக்கு உயர்த்திக் கூப்பினார்.

அங்கே மரியதாஸைக் காணவில்லை. அவர் கீழே இருந்தார். சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயோ, வேலி," என்றார் அம்மா என் காதுக்குள்.

அரை நிமிடம் முடிந்தது. சனம் முன்பக்கம் திரும்பியது. அப்பா திரும்பவில்லை. கூப்பிய கையோடு அப்படியே நின்றார். இடது கை இறங்கப் பார்த்தது, அவர் இறக்கவில்லை. சுவாமியார் பார்த்துவிட்டு, புத்தகத்தில் ஏதோ பக்கம் தேடுவதுபோலத் தேடினார். நாடா எவ்வளவு நேரம்தான் அவிழ்ந்திருக்கும், மகனே. மரியதாஸ் மெல்ல நிமிர்ந்தார். இவ்வளவு நேரத்துக்குப் பிறகும் எதிரே ஆள் நிற்பதைக் கண்டார். அவருடைய கைகளும் தாமாகவே கூடின.

"அந்த ஒரு முழக் கதை இன்னும் முடியேல்லை," என்றார் அவர், கோயிலுக்குள் கதைக்கிற குரலில்.

"ஓம்," என்றார் அப்பா. "சாப்பிட்டிட்டுக் கதைப்பம்."

மண்டபத்தில் அவர்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். பந்தி முடிந்து இலை எடுக்கப் போனபோது, மேசை விரிப்பில் இரண்டு வீடும் ஒரு கிணறும் ஒரு மாமரமும் பேனையால் கீறியிருந்தது. நடுவில் வேலி இருந்தது. அது எங்கே வர வேண்டும் என்று தெரியாமல் பல தடவை அடித்து அடித்துக் கீறியிருந்தார்கள். பேனை அப்பாவின் சேட்டுப் பையில் இருந்தது. அது யாருடையது என்று நான் கேட்கவில்லை.

உன் அம்மா